மூன்று வாசல் தண்ணீர்

எங்கள் கூட்டத்தில் ஒரு ஊருக்குப் பெண் கொடுப்பதென்றால் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டோம். முதலில் அந்த ஊரில் வேறு மூன்று வாசலில் நின்று, "குடிக்கத் தண்ணி குடுங்க" என்று கேட்போம். எவ்வளவு நேரத்தில் வருகிறது, எதில் வருகிறது, எந்த முகத்தோடு வருகிறது, குடித்தால் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஊரின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரை மட்டும் கடைசி வரை தொட மாட்டோம். காரியம் ஆகணும்னா கழுநீரும் இனிக்கும் என்று எங்களில் ஒரு பேச்சு உண்டு. எல்லாம் பிடித்து முடிவான பிறகுதான் அந்த வீட்டுக்காரி தன் கையால் கொண்டுவரும் சொம்பை வாங்குவோம். குடித்துவிட்டுச் சொம்பை நிமிர்த்தி வைத்தால் சம்மதம். கவிழ்த்து வைத்தால் இல்லை. கவிழ்த்துவிட்டால் ஏன் என்று அவர்களும் கேட்கக் கூடாது, நாமும் சொல்லக் கூடாது.

என்னையும் இப்படிப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் அருணகிரி பேச்சுக் குறைந்த மனுஷன், வேலைக்கு அஞ்சாதவர். அதனால் மனுஷன் பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாமை விதைத்துப் புளி உலுக்குகிறவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

காவலூருக்கும் மேலே எங்கள் ஊர். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய கூண்டு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத நட்சத்திரமெல்லாம் அதில் தெரியுமாம். தெரிந்து என்ன, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை அவசரத்துக்குக் கீழே கொண்டுபோக ஒரு வண்டி கிடைக்காது.

எங்களுக்கு ஒரே பெண், செவ்வந்தி. ஒரு கிட்னி சுருங்கிப்போய்ப் பிறந்தவள். அது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ஐந்தாவது படிக்கும்போது முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. மழையில் ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். வாணியம்பாடியில் ரேணுகாதேவி என்று ஒரு டாக்டர். நல்ல டாக்டர், கோபக்கார டாக்டர்.

"இருக்கிறது ஒரு கிட்னி. அதையும் விட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். "காய்ச்சல் வந்தா அன்னிக்கே இங்க வரணும். மலையில உக்காந்து ஜீப்புக்குக் காத்திருக்கிற கதையெல்லாம் ஆகாது. நல்ல தண்ணி நிறையக் குடிக்கணும்."

"நல்ல தண்ணி எங்க ஊர்ல இருக்குதுங்க. டாக்டர்தான் இல்ல" என்றேன்.

"அப்ப டாக்டர் இருக்கிற ஊர்ல தண்ணியத் தேடிக்குங்க" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

நிலத்தை விற்றோம். மலை நிலத்தை வெளியாள் வாங்க முடியாது, பங்காளிதான் வாங்க வேண்டும், அவன் சொன்னதுதான் விலை. புளிய மரங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். வாடகைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "கீழ போய் இன்னா வேலை கெடைக்குமோ, எப்ப கெடைக்குமோ. பொண்ணு தலைக்கு மேல ஒரு கூரையாச்சும் நம்மளுதா இருக்கட்டும்மே" என்றார் அவர். சரி என்றேன்.

வாணியம்பாடி எங்களுக்குச் சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஊர்தான். எந்தத் தெரு நல்ல தெரு, எது ஆகாத தெரு என்று யாரைக் கேட்பது? தயாளன் என்று ஒரு புரோக்கர் கிடைத்தான். அவனைக் கேட்டால் எல்லாத் தெருவும் நல்ல தெரு. அதனால் எங்களுக்குத் தெரிந்த வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று செவ்வந்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் பைபாஸ் பக்கம் ஒரு புது நகருக்குக் கூட்டிப் போனான். நுழைவில் வளைவு, வீடெல்லாம் கல்யாணப் பத்திரிகை கலரில் பளபளவென்று இருந்தது. முதல் வாசலில் பெல் அடித்தோம், யாரும் வரவில்லை. இரண்டாவது வாசலில் நாய் வந்தது. மூன்றாவது வாசலில் ஒரு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா வேணும்? சர்வேயா?"

"இல்லீங்கம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

"கேட்டுக்கு வெளியே பைப் இருக்குது பாருங்க. புடிச்சுக் குடிச்சிட்டு மூடிட்டுப் போங்க."

உச்சி வெயிலில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தும் படி இறங்காதவளின் குழாயை நான் தொடுவேனா? செவ்வந்தி தாகத்தில் குழாயண்டை போய்க் கையைக் குவித்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"நல்ல ஏரியாம்மா இது. இங்க தண்ணி..." என்று தயாளன் ஆரம்பித்தான்.

"தண்ணியத்தான் பாத்துட்டேனே" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்தது பஜாருக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே தண்ணீருக்கு முன்னால் கேள்வி வந்தது. "எந்த ஊரு? இன்னா ஆளுங்க நீங்க?" சொன்னோம். பிளாஸ்டிக் கப்பில் வந்தது. கொடுத்த கை எட்டியே நின்றது. குடித்த கப்பை நாங்களே குப்பையில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நல்லது என்று வந்துவிட்டோம்.

மூன்றாவதாகத்தான் கிணத்துத் தெரு. பழைய ஓட்டு வீடுகளும் சின்னச் சின்ன மாடி வீடுகளும் நெருக்கி நிற்கிற தெரு. பாதிப் பேர் முஸ்லிம் ஜனங்கள், மீதிப் பேர் எல்லாம் கலந்து. லேசாகத் தோல் வாடை அடித்தது. அடிக்கட்டுமே, எங்கள் ஊரில் ஆட்டுப்பட்டி வாடை அடிக்கவில்லையா? முதல் வாசலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மடியில் ஷூவுக்கான தோலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பேர் கனீஸ் ஃபாத்திமா என்று பிறகு தெரிந்தது. நான் தண்ணி என்று முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"அரே, பச்சப் புள்ளைய வெயில்ல நிக்க வெச்சுக் கேக்கறியே! உள்ள வாம்மா, ஃபேனுக்கடியில உக்காரு."

சொம்பைக் கழுவித் துடைத்து, நிறைய மொண்டு, முதலில் செவ்வந்தியிடம்தான் நீட்டினார். அவள் குடித்து நிமிர்ந்து, "எம்மா, நம்ம சொனைத் தண்ணி மாதிரியே கீது" என்றாள். நானும் குடித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஒரு உப்பு இல்லை, ஒரு வாடை இல்லை. அடுத்த இரண்டு வாசலிலும் அதே தண்ணீர், அதே முகம். மூன்றாவது வாசலில் ஒரு பெரியவர் நாங்கள் குடித்து முடிக்கிற வரை காத்திருந்து, "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கனீஸக்கா வீட்டுக்கு எதிரில் இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு விலைக்கு இருந்தது. பூட்டிக் கிடந்தது. தயாளன் திறந்து காட்டினான். கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. "போர் இருக்குதும்மா, எந்தக் கோடைக்கும் வத்தாது" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு உறுத்தல். "வூட்டுக்காரம்மா கையால குடிச்சு சொம்ப வெக்கணும்மே" என்றார்.

"ஓனருங்க பெங்களூர்ல இருக்காங்க சார். கையெழுத்துக்குத்தான் வருவாங்க" என்றான் தயாளன். பிறகு என்ன நினைத்தானோ, முக்குக் கடையிலிருந்து ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கிவந்து நீட்டினான். "தண்ணிக்குப் பதிலா இதக் குடிங்க. எல்லாம் ஒண்ணுதான்."

நாங்களும் சிரித்துக்கொண்டே குடித்து, பாட்டிலை நிமிர்த்தி வைத்தோம். பெரியவர்கள் எதற்காக ஒரு முறையை வைத்தார்கள் என்று தெரியாமல் அதைச் சோடாவில் முடித்துவிட்டோம். எங்களைப் போலப் புத்திசாலிகள் மலையிலேயே கிடையாது.

குடிவந்த அன்று பால் காய்ச்சினோம், அதில் தண்ணீர் சேர்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் குழாயைத் திறந்தேன். பார்க்கத் தெளிவாக, லேசான மஞ்சளாக வந்தது. பூட்டிக் கிடந்த வீடு, கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டேன். ஓடியது. ஒரு வாய் வைத்தேன். உப்பும் கசப்புமாக நாக்கைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஓடட்டும் என்று விட்டேன். சோறு மஞ்சளாக வெந்தது. பருப்பு வேகவே இல்லை.

அப்போது தெருவில் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் காலி கேனோடு வெளியே வந்தார்கள். கனீஸக்காவும் வந்தார். எனக்குக் கேன் தண்ணீர் தெரியாமல் இல்லை, கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வாங்குவார்கள். தினமும் குடிக்கக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் தண்ணீரை விற்றால் ஊரை விட்டே தள்ளிவிடுவார்கள்.

தெருவைத் தாண்டி ஓடினேன். "அக்கா, அன்னிக்கு எங்களுக்குக் குடுத்தது எந்தத் தண்ணிங்க?"

"இதாம்மா. கேன் தண்ணி."

"அப்ப குழாய்ல வர்றது?"

"அத யாரு குடிப்பா? துணிக்கும் பாத்திரத்துக்கும்தான். இத்தன வருசம் ஃபேக்டரியில தோல் கழுவின தண்ணியெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சே? பூமிக்குள்ளதான் எறங்கிச்சு. நான் கண்ணாலமாகி வந்தப்ப இந்தத் தெருக் கிணத்துத் தண்ணி கல்கண்டா இருக்கும். இப்ப கிணறே இல்ல, பேரு மட்டும்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"நீ வூடு வாங்க வந்தவன்னு எனக்கு எப்படித் தெரியும்? தண்ணி கேட்டே, குடுத்தேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தெருவே பார்க்கக் கத்தினேன். "அந்தக் கொழாத் தண்ணிய மொண்டு குடுத்திருந்தீங்கன்னா அன்னிக்கே எம்பொண்ணு தப்பிச்சிருப்பா! உங்க நல்ல மனசுதான் எங்களக் கெடுத்துடுச்சு!"

கனீஸக்கா கேனைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. "தாகத்தோட வந்த புள்ளைக்கு, நான் குடிக்காத தண்ணிய எப்படிம்மா குடுப்பேன்?" என்று கேட்டார்.

வந்த வழியே வீட்டுக்குள் திரும்பிப் போனேன்.

கேன் வாங்கிக் குடித்தோம். என் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். நான் கனீஸக்காவோடு உட்கார்ந்து தோல் தைக்கக் கற்றுக்கொண்டேன். கத்தின வாய்க்கு அவரே வேலையும் பிடித்துக் கொடுத்தார். குடிக்கவும் உலைக்கும் கேன், மற்றதற்கெல்லாம் குழாய் என்று வைத்துக்கொண்டோம். ஒருவழியாகச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கோடையில் செவ்வந்திக்கு மறுபடி முகம் வீங்கியது. ரேணுகாதேவி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இவ இன்னா தண்ணி குடிக்கிறா?"

"கேன் தண்ணிதாங்க."

"செவ்வந்தி, நீ சொல்லு."

பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். "கேன் சீக்கிரம் தீந்துட்டா அப்பா மொகம் வாடிடுது. அதான் ஸ்கூலுக்குப் பைப்புல புடிச்சுட்டுப் போனேன்."

தெரு தெருவாக அலைந்து, மூன்று வாசலில் நின்று, அவளுக்காகத்தானே எல்லாம் செய்தோம்?

"முதல்ல அந்த வீட்டை விட்டு வெளியே வாங்க" என்றார் டாக்டர். "இன்னொரு தடவை இப்படி ஆனா அந்தக் கிட்னி தாங்காது. பைபாஸ் பக்கம் புது நகர் இருக்குதே, அங்க பாருங்க. அங்க வீட்டுக் குழாய்லயே வெளியூர் ஆத்துத் தண்ணி வருது, நல்லாருக்குது."

பளபளக்கிற வீடும், மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும், குழாயண்டை கையைக் குவித்து நின்ற என் பெண்ணும் கண்முன் வந்தார்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்தது நான்தான். வீடு திரும்பும் வரை அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வெளியே வாங்க என்று சொல்வது சுலபம். எங்களிடம் இருந்த எல்லாம் அந்தச் சுவருக்குள் கிடந்தது. விற்றால்தான் வேறு இடம். மலைக்கும் போக முடியாது, அங்கே காலூன்ற ஒரு முழம் நிலமும் மிச்சமில்லை. தயாளனிடம் சொன்னோம். ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரன் எவனும் அறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே போய்க் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தான், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சடங்கு சாஸ்திரம் எதுவும் இல்லாமலே அவர்கள் கெட்டிக்காரர்கள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றான் தயாளன் ஒருநாள். "இந்த வூட்ட வாங்கணும்னா ஒங்க மலையில இருந்துதான் யாராச்சும் வரணும்."

வந்தார்கள். வெற்றிச்செல்வன், கலைவாணி என்று புதூர்நாட்டுப் பக்கத்து ஜோடி. அந்தப் பெண்ணுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். இடுப்பில் பல் முளைக்காத குழந்தை. எங்கள் ஜனம்தான், தண்ணீர் கேட்காமல் வீடு பார்க்காத ஜனம். அவர்கள் வருவதற்கு முதல் நாள் தயாளன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"நம்ம ஜனம்ங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"உள்ள போய் செவ்வந்தியப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். கண் இடுக்கே தெரியாமல் வீங்கிப்போய்ப் படுத்திருந்தாள். நேராகக் கனீஸக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நாளைக்கு மலையிலேருந்து ஒரு பொண்ணு வந்து உங்ககிட்டத் தண்ணி கேப்பா. அன்னிக்கு எனக்குக் குடுத்த தண்ணியவே குடுங்க. பக்கத்து ரெண்டு வூட்லயும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் தெரியாம குடுத்தேன் ஈஸ்வரி. இப்ப தெரிஞ்சே குடுக்கச் சொல்றே."

"எம்பொண்ணுக்காகக் கேக்கறேங்க்கா. எனக்கு வேற வழி தெரியல."

அவர் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் கண்ணிலும் நீர். "குடுக்கறேன், போ. ஆண்டவன் என்னத்தான் கேப்பான், உன்ன இல்ல."

மறுநாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நின்ற அதே இடத்தில் அவர்கள் நின்றார்கள். கனீஸக்கா அன்றைக்குப் போலவே எழுந்தார், உள்ளே கூப்பிட்டார், சொம்பைத் துடைத்தார். ஆனால் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கலைவாணி குடித்தாள். குழந்தைக்கும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், அது சப்புக்கொட்டியது. அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல். மூன்றையும் முடித்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்தார்கள். கலைவாணி குழந்தையைப் பாயில் விட்டாள்.

"தெரு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க்கா. இப்படி ஜனம் இருக்கிற எடத்த விட்டு ஏன் போறீங்க?"

"ஆஸ்பத்திரி கொஞ்சம் தூரமா இருக்குது" என்றேன். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். அவள் அங்கேதான் வேலைக்குப் போகப் போகிறாள். நல்லவேளை, அந்த நேரம் குழந்தை எதையோ இழுத்துக் கவிழ்த்ததில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

வெற்றிச்செல்வன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "எங்களுக்குச் சம்மதம்ணா. அக்கா கையால தண்ணி குடிச்சிட்டுப் பேசிக்கலாம்."

அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ரத்தம் வந்தது. "ஈஸ்வரி, தண்ணி கொண்டாமே" என்றார்.

சமையல்கட்டுக்குப் போனேன். ஸ்டூல் மேல் கேன். பக்கத்தில் குழாய், அதன் வாயைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்குத் தட்டிப்போய் இருந்தது. யோசிக்கவே இல்லை. கேனைச் சாய்த்துச் சொம்பு நிறையப் பிடித்தேன். நிலைப்படி வரை வந்துவிட்டேன். அப்போது கலைவாணி தன் வீட்டுக்காரனிடம் சொல்வது காதில் விழுந்தது.

"இந்தத் தண்ணின்னா பாப்பாவுக்குத் தனியாக் காய்ச்சக்கூட வேணாங்க. அப்படியே குடுக்கலாம்."

என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் நியாயம் தர்மம் எல்லாம் பார்க்கவில்லை. ஸ்கூல் பாட்டிலைக் குழாயில் பிடித்துக்கொண்டு நிற்கிற என் பெண்தான் கண்முன் வந்தாள். கால் திரும்பிவிட்டது. சொம்புத் தண்ணீரைச் சிந்தாமல் கேனிலேயே திருப்பி ஊற்றினேன், அது தீர்ந்தால் வேறு இல்லை. பிறகு குழாயைத் திறந்து அதே சொம்பில் பிடித்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

கலைவாணி இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். தொண்டை பாதியில் நின்றது. எங்கள் ஜனம் கொடுத்த தண்ணீரைத் துப்பாது, அவளும் துப்பவில்லை. விழுங்கினாள். கண் கலங்கிவிட்டது. சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நின்ற செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, அந்த வீக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசலுக்குப் போய் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, சொம்பை நடு அறையில் கவிழ்த்து வைத்தாள்.

வெற்றிச்செல்வன் எதுவும் கேட்காமல் எழுந்தான். அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "வர்றேங்க்கா" என்று மட்டும் சொன்னாள். தயாளனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாங்க, எல்லாம் பேசியாச்சே, எங்க போறீங்க?" என்று அவர்கள் பின்னாலேயே தெருக்கோடி வரை ஓடினான். எதிர்வீட்டு வாசலில் கனீஸக்கா மடியில் தோலை வைத்துக்கொண்டு தைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் சொம்பைப் பார்த்தார். சமையல்கட்டில் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"நீயா?" என்றார்.

"அந்தக் கொழந்தைக்கும் ஊட்டியிருப்பாங்க" என்றேன்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. சுவரோரமாகக் குந்தித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. இனி இந்த வீட்டை வாங்க யார் வருவார்கள், எப்போது வருவார்கள், அதுவரை செவ்வந்தியை எப்படிக் காப்பாற்றுவது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

"வாங்கிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள் செவ்வந்தி. "நாம எப்ப போறோம்?"

"போலாம் கண்ணு."

"தாகமா கீதும்மா."

கவிழ்ந்த சொம்பைத் தாண்டிச் சமையல்கட்டுக்குப் போனேன். கேனை நன்றாகச் சாய்த்தேன். நான் திருப்பி ஊற்றின அந்த ஒரு சொம்புதான் அடியில் இருந்தது. அதைப் பிடித்து அவளுக்குக் கொடுத்தேன்.